திறமையைப் பார்ப்பதற்கு முன்பே விலாசத்தைப் பார்க்கிறார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

க.பொ.த. உயர்தரப் பெறுபேறுகள் வெளிவரும் ஒவ்வொரு முறையும், பொறியியல், தொழினுட்பத் துறைகளுக்குத் தெரிவான மலையகத் தேயிலைத் தோட்ட மாணவர்களின் படங்களைத் தங்கள் பத்திரிகை பெருமையுடன் பிரசுரிக்கிறது. அந்தப் பிள்ளைகள் பட்டம் பெற்ற பின்னர் கொழும்பு மென்பொருள் நிறுவனங்களின் வாசலில் அவர்களுக்கு என்ன நேர்கிறது என்பது அபூர்வமாகவே எழுதப்படுகிறது. தலவாக்கலைப் பகுதித் தோட்டமொன்றில் பிறந்து, இன்று கொழும்பில் மென்பொருள் பொறியியலாளராகப் பணியாற்றி, புதியவர்களைத் தெரிவுசெய்யும் நேர்முகத் தேர்வுகளிலும் அமர்ந்துவருபவள் என்ற முறையில் அதைப் பற்றி எழுத விரும்புகிறேன்.

தொழினுட்பத் தேர்வில் எல்லா ஊர்ப் பிள்ளைகளையும் போலவே எங்கள் பிள்ளைகளிலும் சிலர் தேறுகிறார்கள், சிலர் தேறுவதில்லை. என் கவலை, அந்தத் தேர்வு மேசை வரைக்கும் வந்து சேராதவர்களைப் பற்றியது. இத்துறையில் பயிலுநர் இடங்கள் பல, விளம்பரம் வெளிவருவதற்கு முன்பே நிரம்பிவிடுகின்றன. உள்ளே இருக்கும் ஊழியர் ஒருவர் தமக்குத் தெரிந்தவரின் சுயவிவரக் கோவையை மனிதவளப் பிரிவுக்கு அனுப்பிவைக்கிறார். அது முதலில் வாசிக்கப்படுகிறது. அப்படி வந்தவர் வேலையில் சேர்ந்துவிட்டால் பரிந்துரைத்தவருக்கு ஊக்கத்தொகை வழங்கும் நிறுவனங்களும் உண்டு. இதில் யாரும் யாரையும் வெறுக்க வேண்டியதில்லை. கூடப் படித்தவன், டியூஷன் வகுப்புச் சிநேகிதி, மாமாவின் மகன் என்று தெரிந்தவர்களை மட்டும் அழைத்துக்கொண்டே போனால், மற்றவர்கள் தாமாகவே வெளியில் நின்றுவிடுவார்கள்.

எங்களுக்கு அங்கே தெரிந்தவர் இல்லாமற்போனதற்குக் காரணம் உண்டு. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளியினரான எங்கள் பாட்டன் பாட்டிமாரை நாடற்றவர்களாக்கியது. எஞ்சியவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்க 2003ஆம் ஆண்டிலும் ஒரு சட்டம் தேவைப்பட்டது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களில்தான். இன்றைய பிள்ளைக்காக ஒரு வார்த்தை சொல்லக்கூடிய பெரியப்பாவும் சித்தியும் காரியாலயங்களில் அமர்ந்திருக்க வேண்டிய காலத்தில், அவர்கள் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். பரிந்துரையை நம்பி ஆள் சேர்க்கும் வழக்கம் அந்தப் பழைய அநீதியை இன்னொரு தலைமுறைக்கும் நீட்டிவிடுகிறது.

அண்மையில் நான் அமர்ந்திருந்த ஒரு நேர்முகத் தேர்வுக்குப் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஓர் இளம்பெண் வந்திருந்தார். தாயார் நாள்தோறும் பறிக்கும் கொழுந்தின் நிறையைத் தொலைபேசியில் பதிந்து, மாத இறுதியில் சம்பளத் துண்டுடன் ஒப்பிட்டுப் பார்க்கும் செயலி ஒன்றை அவர் தனியாகவே உருவாக்கியிருந்தார். மலையில் சிக்னல் கிடைக்காது என்பதால், பதிவுகள் தொலைபேசியிலேயே தங்கி, இணைப்புக் கிடைத்ததும் சேவையகத்துக்குப் போகுமாறு அதை அமைத்திருந்தார். இரண்டு தொலைபேசிகளில் ஒரே நாளின் நிறை வெவ்வேறாகப் பதியப்பட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். தாளை வாங்கி, ஒவ்வொரு பதிவுக்கும் நேரக்குறியும் கருவி அடையாளமும் எவ்வாறு சேர்க்கப்படுகின்றன, எந்தப் பதிவும் அழியாமல் இரண்டும் எவ்வாறு காட்டப்படுகின்றன என்று வரைந்தே விளக்கினார். பல ஆண்டு அனுபவமுள்ளவர்களும் தடுமாறும் இடம் அது. ஆனால், அருகிலிருந்தவர்கள் அவரிடம் அதிகம் கேட்டவை வேறு: “வீட்டில் எல்லாரும் தோட்டத்திலா வேலை?”, “கொழும்பில் தங்குவதற்கு யாராவது இருக்கிறார்களா?”, “அடிக்கடி ஊருக்குப் போவீர்களா?” அவருக்கு வேலை கிடைக்கவில்லை. ‘தொடர்பாடல் திறன் போதாது’ என்று குறிப்பில் எழுதப்பட்டது. தாளில் அவர் வரைந்து விளக்கியது தொடர்பாடலில் சேராதென்றால், அந்தச் சொல்லால் எதை அளக்கிறார்கள் என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.

இது இலங்கையில் மட்டும் நடப்பதன்று. அமெரிக்காவின் பொஸ்டன், சிக்காகோ நகரங்களில் ஒரே தரமான விண்ணப்பங்களை வெவ்வேறு பெயர்களில் அனுப்பிப் பார்த்து, 2004ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்வொன்றில், வெள்ளையருக்குரிய பெயர் தாங்கிய விண்ணப்பங்களுக்குக் கறுப்பினத்தவருக்குரிய பெயர் தாங்கியவற்றைவிட 50 சதவீதம் அதிகமான அழைப்புகள் கிடைத்தமை தெரியவந்தது. எங்களுடைய பெயரோடு விலாசமும் சேர்ந்துகொள்கிறது. இணையவழி விண்ணப்பப் படிவங்கள் வீட்டிலக்கத்தையும் வீதியையும் கட்டாயமாகக் கேட்கின்றன. லயம் எனப்படும் தோட்டத் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பில் வாழும் பிள்ளை அங்கே தோட்டத்தின் பெயரையும் பிரிவின் பெயரையும்தான் எழுத முடியும். கடிதம் தோட்டக் காரியாலயத்துக்கு வந்து, அங்கிருந்து கைமாறி வீடு சேர வேண்டிய நிலை இன்னும் பல இடங்களில் இருக்கிறது.

இத்தனையையும் தாண்டி இடம் கிடைத்தாலும், பல மாதங்கள் கொடுப்பனவே இல்லாமலோ பெயரளவான கொடுப்பனவுடனோ பயிலுநராக இருக்கச் சொல்கிறார்கள். நாட்சம்பளம் 1,000 ரூபாயாவதற்கே 2021 வரை போராட வேண்டியிருந்த குடும்பம், மகளின் போர்டிங் வாடகையையும் சாப்பாட்டுச் செலவையும் அவ்வளவு காலம் எங்கிருந்து கொடுக்கும்?

சட்டத்திடம் போகலாம் என்றால் அங்கும் ஒரு தடை இருக்கிறது. இனம், மொழி, சாதி, பால், பிறப்பிடம் முதலிய காரணங்களால் எந்தப் பிரஜைக்கும் பாரபட்சம் காட்டலாகாது என்று அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை கூறுகிறது. எனினும், 126ஆம் உறுப்புரையின்படி உயர் நீதிமன்றத்தில் முறையிடக்கூடியது ஆட்சித்துறை அல்லது நிருவாகச் செயலால் நேர்ந்த மீறலை மட்டுமே. தனியார் நிறுவனமொன்றின் ஆட்சேர்ப்பு அதற்குள் வராது. வேலைவாய்ப்பில் பாரபட்சத்துக்கு எதிரான சர்வதேச தொழில் அமைப்பின் 111ஆம் இலக்கச் சமவாயத்தை இலங்கை 1998ஆம் ஆண்டிலேயே ஏற்றுக்கொண்டது. அதைத் தனியார் துறைக்கும் பொருந்தும் சட்டமாக்குமாறு எங்கள் பாராளுமன்ற உறுப்பினர்கள் வற்புறுத்த வேண்டும்.

ஆனால் நிறுவனங்கள் சட்டத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. நான் கேட்பது ஒதுக்கீடு அன்று. பயிலுநர் இடங்கள் அனைத்தையும் பகிரங்கமாக அறிவியுங்கள். முதற்கட்டத்தில் பெயர், பாடசாலை, விலாசம் மூன்றையும் மறைத்து, செய்துகாட்டிய வேலையை மட்டும் மதிப்பிடுங்கள். கொழும்பில் தங்கி உண்ணக்கூடிய அளவுக்குக் கொடுப்பனவு வழங்குங்கள். ஏற்கெனவே உள்ளே வந்துவிட்ட மலையக இளைஞர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பரிந்துரை வழக்கம் இருக்கும்வரை, முன்பின் தெரியாத தோட்டத்துப் பிள்ளையின் வேலையையும் நேரமெடுத்துப் பார்த்து, தகுதியிருந்தால் அவருடைய பெயரைக் கொடுங்கள்.

தங்கள் பத்திரிகையிடம் நான் வேண்டுவது இதுதான். முன்னணி மென்பொருள் நிறுவனங்களிடம், கடந்த வருடம் சேர்த்துக்கொண்ட பயிலுநர்களில் எத்தனை பேர் பகிரங்க விளம்பரத்தின் மூலம் வந்தார்கள், எத்தனை பேர் ஊழியர் பரிந்துரையில் வந்தார்கள் என்று தங்கள் செய்தியாளர் மூலம் கேளுங்கள். கிடைக்கும் பதில்களை நிறுவனங்களின் பெயருடன் பிரசுரியுங்கள். பதில் தர மறுத்தவர்களின் பெயர்களையும் பிரசுரியுங்கள்.

இப்படிக்கு,
மென்பொருள் பொறியியலாளர் ஒருவர்,
தலவாக்கலை.