கடைசி வரி வரை படித்துவிட்டால் கண்ணில் குறையே இல்லையா?

பாலக்காடு மாவட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளின் கண்ணைச் சோதிக்க வரும் மருத்துவக் குழுவினருக்கு,

வணக்கம். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ் வழிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். நீங்கள் வந்து எழுத்து அட்டையை மாட்டி ஒவ்வொருவராகப் படிக்க வைப்பது நல்ல காரியம். ஆனால் கடைசி வரியையும் படித்துவிட்டால் "சரி, போ" என்று அனுப்பிவிடுகிறீர்களே, அதில்தான் எனக்கு ஒரு முறையீடு.

என் வகுப்பில் ஒரு பையன். வானம் வரையச் சொன்னால் நீலம் தீட்டிவிட்டு, அதன்மேல் பென்சிலால் புள்ளி புள்ளியாகக் குத்திக்கொண்டே இருப்பான். "என்னடா, மழையா?" என்றால், "இல்ல டீச்சர், எப்பவும் இப்படித்தானே இருக்கும்" என்பான். கண்ணை மூடினாலும் புள்ளி ஓடுமாம். சோதனையில் 6/6, அதாவது பார்வையில் குறையே இல்லை என்று வந்தது. போன் பார்த்துக் கெட்டான் என்று வீட்டில் அடி. பாட்டி மிளகாய் சுற்றிப் போட்டார்.

'விஷுவல் ஸ்னோ சிண்ட்ரோம்' என்று ஒரு பார்வைக் கோளாறு இருக்கிறது. 2014இல் வகுத்த வரையறைப்படி, பார்வை முழுக்க மினுக்கும் பொடிப் புள்ளிகள் 3 மாதத்துக்கு மேல் நீடிக்க வேண்டும். கூடவே, பார்த்த பொருளின் சாயல் கண்ணை விட்டு அகலாதது, வெளிச்சம் கூசுவது, இருட்டில் தடுமாறுவது போன்றவற்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். கோளாறு, பார்த்ததை மூளை கையாளும் விதத்தில். அதனால்தான் அட்டையிலும் விழித்திரையிலும் ஒன்றும் சிக்குவதில்லை. நினைவு தெரிந்த நாளிலிருந்து இப்படியே பார்க்கும் பிள்ளை, ஊருக்கே இப்படித்தான் என்று நினைத்திருக்கும். தானாக வந்து சொல்லாது.

அதற்காகப் புள்ளி என்றதும் இந்தப் பெயரை ஒட்டிவிடவும் கூடாது. இருட்டில் தடுமாறினால் வைட்டமின் ஏ குறைவாகவும் இருக்கலாம், பரம்பரை விழித்திரை நோயாகவும் இருக்கலாம். சொந்தத்தில் கட்டும் வழக்கம் எங்கள் பக்கம் இன்னும் போகவில்லை, அதையும் கேளுங்கள். வண்ண வட்டங்கள் சில நொடி வந்து மறைந்தால் வலிப்பா என்று பார்க்க வேண்டும். காலையில் தலைவலியும் வாந்தியும் சேர்ந்துவிட்டால் ஒரு நாள்கூடத் தள்ளக்கூடாது.

அட்டை முடிந்ததும், "அந்த வெள்ளைச் சுவரைப் பார், என்ன தெரியுது?" என்று தமிழில் கேளுங்கள். "புள்ளி தெரியுதா?" என்று மட்டும் கேட்காதீர்கள், டாக்டர் எதைக் கேட்டாலும் எங்கள் பிள்ளைகள் தலையாட்டிவிடுவார்கள். சொன்னதைச் சொன்னபடியே எழுதி, தேவைப்பட்டால் மாவட்ட மையத்துக்கு அனுப்புங்கள். 2013இல் வந்த ஆர்.பி.எஸ்.கே. என்ற மத்திய அரசின் குழந்தைகள் உடல்நலத் திட்டத்தில் 18 வயது வரை அதற்கு வழி இருக்கிறது. அந்தச் சீட்டின் நகலை என்னிடமும் கொடுங்கள், அவன் அப்பாவிடம் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
எல்லைப்புறப் பள்ளி ஆசிரியை