ஜோன் மேல மட்டும் ஏன் இந்தப் பழி?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

மேட் மென் சீரியல் பத்தி நீங்க போட்ட கட்டுரையும் அதுக்கு வந்த வாசகர் கடிதங்களும் படிச்சேன். எல்லாருமே டான் டிரேப்பர் டான் டிரேப்பர்னு அந்தக் கதாநாயகனையே சுத்தி சுத்தி வர்றாய்ங்க. அது கூட பரவாயில்ல, ஒரு வாசகர், அந்த ஆபீஸ நிர்வாகம் பண்ற ஜோன் கம்பெனியில பார்ட்னர் ஆகுறதுக்காக தன்னையே வித்துட்டா, அதோட அவ மேல இருந்த மரியாதை போச்சுன்னு எழுதிருக்காரு பாருங்க, அதுக்குத்தான் இந்தக் கடுதாசி. அவரு அந்த எபிசோடை உக்காந்து பாத்தாரா இல்ல போன்ல ஓட்டி ஓட்டி பாத்தாரான்னு தெரியல.

பாக்காதவங்களுக்கு ஒரு வரி சொல்லிர்றேன். 1960 மார்ச்ல கதை ஆரம்பிக்குது, நியூயார்க்ல ஸ்டெர்லிங் கூப்பர்னு ஒரு விளம்பரக் கம்பெனி, 2007ல இருந்து 2015 வரைக்கும் 7 சீசன், 92 எபிசோடு ஓடுச்சு. ஆம்பளைங்க எல்லாம் கோட்டு சூட்டு போட்டு காலையிலயே கிளாஸ் கையில எடுத்துருவாய்ங்க, பொண்ணுங்க வெளிய டைப் அடிச்சுக்கிட்டு இருப்பாங்க.

நான் மதுரையில ஒரு தனியார் ஆபீஸ்ல டைப்பிஸ்டா சேந்து ஸ்டெனோவா ரிட்டயர் ஆனவ, அதனால என் கண்ணு முதல்ல போனது அந்த வெளிய உக்காந்திருக்க பொண்ணுங்க மேலதான். (அவங்க மேஜையில இருக்க ஐபிஎம் செலக்ட்ரிக் மெஷின் 1961 ஜூலையிலதான் விக்கவே வந்துச்சு, கதையில 1960லயே தட்டிக்கிட்டு இருக்காங்க. ஃபேசிட்லயும் கோத்ரெஜ்லயும் விரல் ஒடிய அடிச்சவளுக்கு இதெல்லாம் உறுத்தத்தானே செய்யும்.)

எங்க ஊர்ல கல்யாணம் ஆனவன்கிட்ட வீட்டுல மதுரையா சிதம்பரமான்னு கேப்பாங்க. அந்தக் கம்பெனியில போர்டுல இருக்கது சிதம்பரம், நடத்துறது மதுரை. மூணாவது சீசன் கடைசி எபிசோடு ஞாபகம் இருக்கா, கம்பெனிய மெக்கான்ங்கிற பெரிய விளம்பரக் கம்பெனிக்கு விக்கப் போறாய்ங்கன்னு தெரிஞ்சதும், கணக்கு வழக்கு பாக்குற லேன் பிரைஸ் டான், ரோஜர், கூப்பர்னு மத்த மூணு பெரிய தலைகளையும் அவரே வேலைய விட்டு தூக்குறாரு, ஒப்பந்தம் அத்துப் போச்சுன்னா வெளிய போயி சொந்தமா தொடங்கலாம்ல, அந்த ஐடியா. எல்லாம் பிரமாதம். ஆனா லீவு நாள்ல ஆபீஸுக்குள்ள போயி நின்னா எந்த ஃபைல் எங்க இருக்குன்னு ஒருத்தனுக்கும் தெரியல! ரோஜர் போன் போட்டு ஜோனைத்தான் கூப்பிடுறான். அவ வந்து நின்ன பிறகுதான் வேலையே ஓடுது.

அதுக்கு முன்னாடி ரெண்டாவது சீசன்ல ஹாரி கிரேனோட டிவி டிபார்ட்மென்ட்டுக்கு ஸ்கிரிப்ட் படிச்சு சொல்ற வேலைய ஜோன் செஞ்சா, நல்லாவும் செஞ்சா, கிளையன்ட் எல்லாம் சந்தோஷமா போனாய்ங்க. உடனே என்ன பண்ணாய்ங்க, அந்த வேலைக்கு ஒரு ஆம்பளைய எடுத்துட்டு, இவருக்கு எல்லாம் சொல்லிக் குடும்மான்னு அவகிட்டயே விட்டாய்ங்க. அவ சிரிச்ச மொகத்தோட சரின்னுட்டு வீட்டுக்கு வந்து தோள்ல உள்பாடி பட்டி அழுத்துன தடத்த தடவிக்கிட்டு உக்காந்திருப்பா, ஒரு வசனம் கிடையாது. நான் வேலை சொல்லிக் குடுத்த பையன் எனக்கே ஆபீசரா வந்தப்ப நானும் லட்டு எடுத்துட்டு வாழ்த்துக்கள் சார்னு சொன்னவதான், அதனால அந்த சீனை நிறுத்தி மறுபடி பாத்தேன்.

இப்ப ஜாகுவார் விஷயத்துக்கு வர்றேன், அந்தக் கார் கம்பெனி விளம்பரத்த பிடிக்கத்தான் எல்லாரும் அலையுறாய்ங்க. டீலர் சங்கத்துத் தலைவன் ஹெர்ப், ஜோன் ஒரு ராத்திரி வந்தாதான் ஓட்டுன்னு சொல்றான். அத வாங்கிட்டு வந்து ஜோன்கிட்ட நாசூக்கா ஓதுனது பார்ட்னர்ல ஒருத்தனான பீட் கேம்ப்பெல். பார்ட்னர்க எல்லாம் ரூம்ல உக்காந்து பேசுறாய்ங்க, டான் முடியாதுன்னு எந்திரிச்சு போறான், மத்தவய்ங்க பேச்ச நிறுத்தல. ரோஜர் அவ புள்ளைக்கு அப்பன், அவன் என் கைக்காசு தரமாட்டேன்னு மட்டும் சொல்றான். அவ புருசனும் பிரிஞ்சு போயாச்சு, வீட்டுல கைக்குழந்தை, அம்மா. இம்புட்டு பேரு சேந்து செஞ்சதுல, வித்தது ஜோன் மட்டுமாம். வெல பேசுனவய்ங்களுக்கு என்ன பேரு வாசகரே?

எனக்கு இன்னும் பிடிபடாத ஆளு லேன்தான். பார்ட்னர்க தர்றதா சொன்ன 50,000 டாலர வாங்காத, 5 சதவீதப் பங்கு கேளுன்னு ஜோனுக்கு சொல்லிக் குடுத்தது அவரு. அக்கறையா? கொஞ்சம் அக்கறைதான், இல்லன்னு சொல்லமாட்டேன். ஆனா அந்த மனுசன் ஏற்கனவே டான் கையெழுத்த போட்டு செக் எடுத்திருக்காரு, 50,000 ரொக்கமா வெளிய போச்சுன்னா அவரு குட்டு வெளிப்பட்டுரும். தன் கழுத்துக் கயிற தளத்திக்கத்தான் சொன்னாரு, சொன்னது அவளுக்கு வாழ்நாள் சோறு போடுற யோசனையாவும் இருந்துச்சு. ரெண்டும் ஒரே வாயில இருந்து ஒரே நேரத்துல வருது பாருங்க, இந்த மாதிரி எழுத நம்ம சீரியல்காரங்களுக்கு எப்பதான் மனசு வருமோ.

டான் மட்டும் யோக்கியன்னு எங்க மருமகன் வாதாடுவாரு, ராத்திரி அவ வீட்டுப் படி ஏறிப் போயி வேண்டாம்னு சொன்னான்ல அத்தேன்னு. சொன்னான் மாப்ள, அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. அதுக்கப்புறம் ஆறாவது சீசன்ல அதே டான் ஹெர்ப்பை மூஞ்சிக்கு நேரா பேசி ஜாகுவாரையே கை கழுவிட்டு வந்து பெருமையா நிக்குறான். யாரையாச்சும் கேட்டானா? அந்த நேரம் ஜோனும் பீட்டும் கூப்பரும் கம்பெனி பங்க மார்க்கெட்டுக்கு கொண்டுவர ரகசியமா ஏற்பாடு பண்ணிக்கிட்டு இருக்காங்க, எல்லாம் கெட்டுச்சு. அவன நானே பொறுத்துக்கிட்டேன் உன்னால முடியலையா, நான் பட்டதெல்லாம் வீணான்னு ஜோன் பொரிஞ்சு தள்ளுவா. சீரியல்லயே எனக்குப் புடிச்ச சண்டை அதுதான், மருமகன் அந்த இடம் வந்தா காபி போட எந்திரிச்சுருவாரு.

செக்ரட்டரியா சேந்து விளம்பரம் எழுதுறவளா ஆன பெக்கி பத்தி எழுதுனவங்க சரியாத்தான் எழுதிருக்காங்க. ஜோன் பார்ட்னர் ஆகுற அதே எபிசோடுல பெக்கி வேலைய விட்டுட்டு போறா, 18,000 டாலர் சம்பளம் கேட்டவளுக்கு போட்டிக் கம்பெனி டெட் ஷா 19,000னு எழுதிக் குடுக்குறான். ஒருத்தி உள்ள இருந்து மேல ஏறுறா, இன்னொருத்தி வெளிய போயி ஏறுறா, ரெண்டுல யாரு கெட்டிக்காரின்னு என் மகளுக்கும் எனக்கும் இன்னும் முடியல.

கடைசியில அந்த மெக்கானே இவங்க கம்பெனிய வாங்கிருது, அங்க ஜோனுக்கு வரவேண்டியது 5 லட்சம் டாலர், மானத்தோட வேலை பாக்க விடலைன்னு சண்டை போட்டதுக்கு பாதிதான் தர்றேன்னு சொல்றாய்ங்க, அவ வாங்கிட்டு வந்துர்றா. தோத்துட்டான்னு சிலர் சொல்றாங்க. அப்புறம் சொந்தமா கம்பெனி வைக்கிறா, பெக்கி கூட்டு சேர வரல, ரெண்டு பேரு இருந்தாதான் நிஜக் கம்பெனி மாதிரி இருக்கும்னு தன்னோட பொறந்த வீட்டுப் பேரையும் புகுந்த வீட்டுப் பேரையுமே சேத்து ஹாலோவே ஹாரிஸ்னு வச்சுக்கிறா. இவளையா வித்துட்டான்னு எழுதுறீங்க?

பீட் கேம்ப்பெல்ல பத்தி இன்னும் நெறைய வையணும், அது தனிக் கடுதாசி. இடம் பத்தலைன்னு வெட்டுறதா இருந்தா டைப்ரைட்டர் பத்தி எழுதுனத வெட்டிக்கோங்க சார், லேன் பத்தி எழுதுனத தொடாதீங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருநகர், மதுரை.