குடியிருப்போர் நலச் சங்கம்: 2024-25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கொடியேற்று விழாக்கள் இரண்டும் பொங்கல் கோலப்போட்டியும் வழக்கம்போல் நடந்தன. மழைக்கு முன் கால்வாய் தூர்வாரப்பட்டது. செயற்குழுக் கூட்டங்களில் பாதிக்குமேல் போதிய உறுப்பினர் வராததால் ஒத்திவைக்கப்பட்டன.

மாடி அறையில் நடக்கும் மாலைப் படிப்பகத்தைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். "பள்ளிக்கூடம் இருக்கும்போது சங்கத்துக்கு இது எதற்கு?" என்று சென்ற பொதுக்குழுவில் கேட்டார்கள்.

நம் பின்தெருக்களில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பலருக்கு வீட்டில் உட்கார்ந்து எழுத இடமில்லை. இருப்பது ஒரே அறை, சமையலும் டிவியும் அதிலேயே. பாடம் தெரிந்த பிள்ளைகூட மூன்று மணி நேரம் விடாமல் எழுதிப் பழகாததால் கடைசி வினாக்களை விட்டுவிட்டு வருகிறது. கணிதத்தில் அந்தக் கடைசி வினாக்கள் 43, 44. செய்முறை வடிவியலும் வரைபடமும் அங்கேதான் இருக்கின்றன. எட்டு எட்டாகப் பதினாறு மதிப்பெண். தேர்ச்சிக்கு வேண்டியதே 35 எனும்போது இந்த 16-ஐ விட்டுவிட்டு வருவதை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது?

ஆகவே தொடுகோடு, வடிவொத்த முக்கோணம், இருபடிச் சமன்பாட்டு வரைபடம் ஆகியவற்றைக் கை தானாக நகரும்வரை போட வைத்தோம். 28-ஆம் வினாவும் 42-ஆம் வினாவும் கட்டாயம் என்பதே சிலருக்குத் தெரியவில்லை. மற்றவற்றைப் போல இவற்றையும் விட்டுவிடலாம் என்று நினைத்திருந்தார்கள். ஞாயிறு காலைகளில் பழைய வினாத்தாளைக் கொடுத்து, கடிகாரத்தை வைத்து, முழுத் தேர்வாகவே எழுத வைத்தோம். திருத்திய தாளைக் கையில் கொடுத்து, மதிப்பெண் எங்கே போனது என்று அவர்களையே கண்டுபிடிக்கச் சொன்னோம். பிள்ளைகள் மாறியது இதனால்தான் என்பது என் உறுதியான கருத்து.

மே மாதம் முடிவு வந்தபோது ஒரு மாணவன் தவிர எல்லோரும் தேறியிருந்தார்கள். அவனும் ஜூலைத் துணைத்தேர்வில் கணிதத்தை எழுதித் தேறி, இந்த ஆண்டே பிளஸ் ஒன் சேர்ந்துவிட்டான். அந்த வாய்ப்பு இருப்பது தெரியாமல் அவனை ஒர்க் ஷாப் வேலைக்கு அனுப்ப வீட்டில் பேசி முடித்திருந்தார்கள். சங்கத்துக்கு இது எதற்கு என்று கேட்டவர்களுக்கு வேறு பதில் என்னிடம் இல்லை.

பாடம் எடுப்பதாகப் பொதுக்குழுவில் கைதூக்கியவர்களில் பொங்கலுக்குப் பின்னும் வந்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரே. தேர்வு நெருங்கிய நாட்களில் திருவிழா ஒலிபெருக்கியைப் பத்து மணியோடு நிறுத்தும்படி கேட்டுக்கொள்ள என்னுடன் வரவும் ஆளில்லை. தம் பிள்ளைகளை டியூஷன் சென்டருக்கு அனுப்பும் வசதியுள்ள உறுப்பினர்கள் ஒரு மாலையாவது மாடியேறி வந்து பார்த்திருக்கலாம். இதை வருத்தத்துடன்தான் எழுதுகிறேன்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். வரவு சென்ற ஆண்டைவிடக் குறைவு, கையிருப்பு சொற்பம். சந்தா பாக்கி வைத்திருப்போரில் சொந்த வீட்டுக்காரர்களே அதிகம். வாடகைக்கு இருப்பவர்கள் ஒழுங்காகக் கட்டுகிறார்கள். ஜாமென்ட்ரி பாக்ஸ், கிராஃப் தாள், ஜெராக்ஸ் செலவில் ஒரு பகுதி இன்னும் கடைக்காரருக்குத் தர வேண்டியிருக்கிறது.

தலைவர், பொருளாளர், மேசை கொடுத்த உறுப்பினர், தினமும் தேநீர் அனுப்பிய தாய்மார்கள் அனைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளையும் சேர்க்கச் சொல்லிப் பெற்றோர் கேட்கிறார்கள். ஆங்கிலத்துக்கும் அறிவியலுக்கும் ஆள் இல்லாமல் நான் சரி என்று சொல்ல முடியாது. இந்தப் பொறுப்பை வேறொருவர் ஏற்க முன்வந்தால் சாவியை மகிழ்ச்சியோடு தருவேன். யாரும் வராவிட்டாலும் அறையை மூட மாட்டேன். வாரம் ஒரு மாலை தரக்கூடியவர்கள் இன்றே பெயர் கொடுக்க வேண்டும். சந்தா பாக்கியைக் காலாண்டுத் தேர்வுக்குள் பொருளாளரிடம் கட்டி ரசீது பெற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்