வெள்ளம் கொண்டுபோன ரயில் மினி கோல்ஃப் திடலில் ஓடட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மூணாறில் எங்கள் குடியிருப்பையொட்டிய பூங்காவில், சின்னச் சின்னத் தடைகளுக்கிடையே பந்தை உருட்டிக் குழியில் தள்ளும் மினி கோல்ஃப் திடல் புதர் மண்டிக் கிடக்கிறது. பச்சை விரிப்பு கிழிந்து, அடியிலிருக்கும் சிமெண்டில் பாசி வழுக்குகிறது. குழிகளில் தேங்கிய மழைநீரில் கொசுப்புழு நெளிகிறது. கொழுந்தெடுக்கும் வீட்டுப் பிள்ளைகள் ஞாயிறுதோறும் மட்டையும் கையுமாக நின்ற இடம். பார்க்கவே வயிறு எரிகிறது.

புதுப்பிக்கும்போது காற்றாலை, கோட்டை என்று எங்கோ உள்ளதை நட வேண்டாம். 1902-ல் ஒற்றைத் தண்டவாள மோனோரயிலாகத் தொடங்கிய எங்கள் மூணாறின் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில், 1908-ல் அகலம் குறைந்த இருப்புப்பாதை ரயிலாகி, 1924 பெருவெள்ளத்தில் அழிந்தது. மலையாள நாட்காட்டியான கொல்லம் ஆண்டில் அது 1099 என்பதால் ‘தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்’ என்பார்கள். அந்த ரயில் பாலத்தின் அடியில் பந்து உருளட்டும். மலை மேலுள்ள டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் அடிவாரத்துக் கொட்டகுடிக்கு இறங்கிய ரோப்வேக்கு ஒரு குழி, வரையாட்டுக்கு ஒரு குழி. 2018-ல் மலையை மூடிய நீலக்குறிஞ்சி அடுத்து 2030-ல் பூக்க வேண்டும். அதற்குள் முடித்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

முதல் வேலை வடிகால். இந்த மழைக்கு அது இல்லாமல் எந்த விரிப்பும் நிற்காது. பலகைகளில் மலையாளத்தோடு தமிழும் இருக்கட்டும். மண் சுமக்க நாங்கள் வருகிறோம்.

— தோட்டத் தொழிலாளி மகன், மூணாறு