சேவ் கோப்புக்கு வெளியே வை

செங்கோட்டை

அன்புள்ள சுடலை,

இங்கே சாரல் விட்டுவிட்டுத் தூறுகிறது. மலைக்கு அந்தப் பக்கம், புனலூரில், கொட்டுகிறதாமே. மழை என்றால் கரண்ட் போகும். உன் லேப்டாப்பிலோ பேட்டரியும் நிற்காது என்கிறாய். அதை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

ஹார்ட் டிஸ்க் செத்ததற்காக லேப்டாப்பை ஆக்ரிக்காரனிடம், பழைய சாமான் வாங்குபவனிடம், போட்டுவிடாதே. 2 ஜிபி ராம் இருக்கிறதல்லவா, விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் பப்பி லினக்ஸ் என்ற சிறிய இயங்குதளத்துக்கு அது போதும். ஆஸ்திரேலியாக்காரர் பாரி கௌலர் 2003இல் தொடங்கியது. சில நூறு எம்பி அளவுள்ள சுருக்கிய கோப்பை பென் டிரைவிலிருந்து எடுத்து ராமில் ஏற்றிக்கொண்டு ஓடும். அதனால்தான் பழைய மெஷினிலும் சுறுசுறுப்பு. அதில் புக்வர்ம் பப்பி என்ற பதிப்பை எடுத்துக்கொள். 64 பிட் ப்ராசஸரா என்று மட்டும் முன்னாலேயே பார்த்துவிடு.

பென் டிரைவ் 16 ஜிபி போதும். விலை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால், அது போலியாக இருந்து, 16 என்று எழுதியிருப்பதற்குள் 4தான் இருக்கலாம். எஃப்3 என்ற கருவியால் முழுக்க எழுதிப் படித்துப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கு.

விண்டோஸ் மெஷினில் ரூஃபஸ் என்ற மென்பொருளைப் போட்டு, பப்பியின் ஐஎஸ்ஓவை (முழு இயங்குதளமும் அடங்கிய ஒற்றைக் கோப்பு) பென் டிரைவில் எழுதும்போது ஐஎஸ்ஓ முறையா, டிடி முறையா என்று கேட்கும். பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். டிடி என்றால் பென் டிரைவ் அப்படியே சிடி மாதிரி ஆகிவிடும். படிக்கலாம், எழுத முடியாது. நீ செய்த மாற்றங்களைச் சேமிக்க இடமே இருக்காது. ஐஎஸ்ஓ முறையையே எடு. பார்ட்டிஷன் எம்பிஆர், ஃபைல் சிஸ்டம் ஃபேட்32. லேப்டாப்பின் தொடக்க அமைப்பான பயாஸில் செக்யூர் பூட் இருந்தால் அணைத்துவிடு. நீல நிற யுஎஸ்பி துளையில் பூட் ஆகாவிட்டால் கறுப்பில் செருகிப் பார்.

முதல் தடவை அணைக்கும்போது சேவ் கோப்பு உண்டாக்கவா என்று கேட்கும். 1 ஜிபி கொடு. ஃபேட்32இல் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டாது, எனவே ரொம்பப் பேராசையும் வேண்டாம். செட்டிங்கும் நீ நிறுவும் மென்பொருளும் அதற்குள் போகும். பில், கணக்கு, கடிதம் எதையும் அதற்குள் வைக்காதே. காரணம் சொல்கிறேன்: பப்பி மாற்றங்களை ராமில் வைத்துக்கொண்டு, நேரம் பார்த்துத்தான் பென் டிரைவில் எழுதும். ஃபிளாஷ் சீக்கிரம் தேயாமல் இருக்க அந்த ஏற்பாடு. இடையில் கரண்ட் போனால் கடைசியாகச் சேமித்ததற்குப் பிறகு செய்ததெல்லாம் அம்போ. அந்தத் தானியங்கி இடைவெளியைப் பூஜ்யமாக்கிவிட்டு, டெஸ்க்டாப்பில் இருக்கும் சேவ் ஐகானை நீயே அழுத்துவதுதான் எனக்குப் பிடித்த வழி.

ஆவணங்களை ‘எம்என்டி’ என்ற ஃபோல்டருக்குள் இருக்கும் ‘ஹோம்’ இடத்தில் வை. அது பென் டிரைவேதான், சேவ் கோப்புக்கு வெளியே. எழுதுவது சேவ் கோப்பைத் தொடாமல் நேராக அங்கே போகும். கடையில் விண்டோஸில் செருகினாலும் தெரியும். முக்கியமானதை எழுதிய பின் டெர்மினலில் ‘சிங்க்’ கட்டளை கொடு, இல்லாவிட்டால் கொஞ்ச நேரம் ராமிலேயே தங்கியிருக்கும். பென் டிரைவை ஓடும்போது பிடுங்கவே கூடாது.

சேவ் கோப்பு நிரம்பினால் பெரும்பாலும் பிரவுசர் கேஷ்தான் காரணம். இறக்கிய கோப்புகளும் அங்கேதான் விழும். அப்போதைக்கப்போது வெளியே நகர்த்திவிடு. சேவ் கோப்பே கெட்டு பூட் ஆகாமல் நின்றால், தொடக்க மெனுவில் ராமில் மட்டும் ஏற்றும் தேர்வு இருக்கும். அதில் நுழைந்து கெட்டதை வேறு பெயருக்கு மாற்றிவிட்டால் புதிதாகத் தொடங்கலாம். ஆவணங்கள் வெளியே இருப்பதால் ஒன்றும் போகாது.

இன்னொன்று. பழைய லேப்டாப்பில் கடிகாரத்தை ஓட்டும் சிறு பேட்டரி தீர்ந்திருந்தால் தேதி எங்கோ பின்னால் போயிருக்கும். அப்போது எந்த இணையதளமும் சான்றிதழ் பிழை காட்டும்; நெட் சரியில்லை என்று திட்டாதே. பெரும்பாலான மாடல்களில் அது சிஆர்2032 பட்டன் செல்தான், மாற்றிவிடு.

தமிழில் தட்டச்சு செய்ய ஐபஸ், எம்17என் என்ற இரண்டு மென்பொருளையும் நிறுவு, தமிழ்99 விசைப்பலகை வரும். நிறுவிய உடனே சேவ் ஐகான்! உன் மகள் பள்ளிக்கூடத்தில் கைட் (கேரள அரசின் பள்ளிக் கணினிக் கல்வி நிறுவனம்) கொடுத்த லினக்ஸில் பழகியவள். நீ மெனுவைத் தேடிக்கொண்டிருக்கும்போது அவள் வேலையை முடித்திருப்பாள்.

ஐஎஸ்ஓவை இறக்கி பென் டிரைவில் போட்டு, ஞாயிற்றுக்கிழமை ரயிலில் வருபவர் யாரிடமாவது கொடுத்தனுப்பட்டுமா? உன் பக்கம் நெட் மெதுவென்றால் எழுது.

அன்புடன்,
கணபதி