நீரிழிவு நலச் சங்க ஆண்டறிக்கை: மாத்திரை சேர்ந்த வீடுகள், பரிசோதனை சேராத வீடுகள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கோட்டையூர், ஆத்தங்குடிப் பக்கங்களிலிருந்து வந்திருக்கும் அன்பர்களே, அனைவருக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் தனியே படிப்பார். சங்கத்தின் பணியையும் அதில் கண்ட குறைகளையும் மட்டும் இங்கே வைக்கிறேன்.

2021 ஆகஸ்டில் தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கிய பிறகு, சர்க்கரை மாத்திரையும் ரத்தக்கொதிப்பு மாத்திரையும் வீட்டு வாசலுக்கே வருகின்றன. இது பெரிய காரியம். ஆனால் மாத்திரை கைக்கு வருவதும் சர்க்கரை கட்டுக்குள் இருப்பதும் வேறு வேறு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு என்கிறது. தனக்கு நோய் இருப்பதை அறிந்தவர்களைப் பற்றி அதே ஆய்வு 2022இல் வெளியிட்ட கணக்கில், மூன்று மாதச் சராசரி (HbA1c என்னும் ரத்தப் பரிசோதனை) 7க்குக் கீழே இருந்தவர்கள் 36.3 சதவீதம். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, கெட்ட கொழுப்பு மூன்றும் ஒருசேரக் கட்டுப்பட்டவர்கள் 7.7 சதவீதம்தான். பெண்களும் படிப்பு குறைந்தவர்களும் இதில் பின்தங்கியிருந்தார்கள்.

எனவே, முகாமுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணுவதை விட்டுவிட்டு, ஒருவருக்கு ஆண்டுக்குள் ஐந்து பரிசோதனைகளும் முடிந்தனவா என்று பார்க்கும் அட்டையைப் பயன்படுத்தினோம். மூன்று மாதச் சராசரி குறைந்தது இரு முறை, ரத்த அழுத்தம், சிறுநீரக நிலையை அறியச் சிறுநீரில் அல்புமினும் ரத்தத்தில் கிரியாட்டினினும், கண்ணில் சொட்டு மருந்து விட்டு விழித்திரைப் பரிசோதனை, பாதப் பரிசோதனை. அட்டையில் காலியாகக் கிடக்கும் கட்டங்களைப் பார்த்தாலே அந்த வீட்டின் நிலைமை புரிந்துவிடும். ரத்த அழுத்தக் கட்டம் எல்லார் அட்டையிலும் நிரம்புகிறது. கண், பாதம், சிறுநீர் இம்மூன்றும் கூலி வேலைக்குப் போகும் பெண்களின் அட்டையில்தான் அதிகம் காலியாக நிற்கின்றன.

காரணம் அலட்சியம் இல்லை, நேரம். விடிந்ததும் வேலைக்குப் போகிறவரிடம் "வெறும் வயிற்றோடு காலையில் வாருங்கள்" என்றால் அவருக்கு அன்றைய கூலி போயிற்று. உண்மையில் மூன்று மாதச் சராசரிக்கு வெறும் வயிறு தேவையே இல்லை. சிறுநீர் அல்புமினுக்கும் வேண்டாம், பாதத்துக்கும் வேண்டாம். இம்மூன்றையும் மாலை நேரத்துக்கு மாற்றினோம். கண் பரிசோதனையை மட்டும் அப்படி மாற்ற இயலாது. சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கும், கண் கூசும். டூவீலர் ஓட்டிப் போக முடியாது, துணைக்கு ஆள் வேண்டும். அதை ஞாயிற்றுக்கிழமை வைத்து, திரும்பிப் போக வண்டியும் சேர்த்து ஏற்பாடு செய்தால்தான் பெண்கள் வருவார்கள்.

ரத்தசோகை பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். இரும்புச்சத்துக் குறைந்தவர்களுக்கு மூன்று மாதச் சராசரி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். இரும்புச்சத்து மாத்திரை தொடங்கிய பிறகும், ரத்தம் ஏற்றிய பிறகும் குறைத்துக் காட்டும். விரல்நுனிச் சோதனைக் கருவியும் ரத்தசோகை உள்ளவருக்கு ஏற்றித்தான் காட்டும். அந்த எண்ணை நம்பி மாத்திரையைக் கூட்டினால் தாழ்சர்க்கரை, அதாவது ரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்குவது, வரும். ஆகவே பெண்கள் அனைவருக்கும் ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறோம். விரல்நுனிச் சோதனைக்கான ஸ்டிரிப் டப்பாவைத் திறந்து வைத்தாலும் வெயிலில் வைத்தாலும் அளவு தவறும். மாம்பழம் தொட்ட விரலைக் கழுவாமல் குத்தினாலும் அப்படியே.

ஆத்தங்குடித் தரைக்கல் பட்டறைத் தொழிலாளர்களின் பாதங்களைத் தனியாகக் கவனிக்க வேண்டியிருந்தது. சிமெண்டு நீரின் காரம் தோலை உலர்த்தி வெடிப்பை உண்டாக்குகிறது. உணர்ச்சி மரத்த பாதத்தில் வெடிப்பு ஆழமாகிச் சீழ் பிடித்தாலும் வலி தெரியாது. பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று மெல்லிய நைலான் இழையால் பார்க்கும் 10 கிராம் மோனோஃபிலமென்ட் இழைப் பரிசோதனை எளிதானதுதான், ஆனால் செய்யும் முறையில் பிழை நேர்கிறது. முதலில் கையில் தொட்டுக் காட்டிவிட்டு, பிறகு கண்ணை மூடச் சொல்ல வேண்டும். பெருவிரல் அடியிலும், முன்பாதத்தில் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் அடிமேட்டிலும் இழை வளையும்வரை அழுத்தி ஒரு நொடி நிறுத்த வேண்டும். காய்ப்பின் மேல் வைத்தால் யாருக்குமே தெரியாது, அதைத் தவிர்த்துப் பக்கத்தில் வைக்க வேண்டும். 10 பேரைப் பார்த்த இழைக்கு ஒரு நாள் ஓய்வு கொடுக்காவிட்டால் அது தளர்ந்துபோகும். தளர்ந்த இழை லேசாகத்தான் அழுத்தும், நல்ல பாதமும் மரத்துப்போனதாகத் தெரியும்.

குன்றக்குடியிலிருந்து தைப்பூசத்துக்குப் பழனி நடக்கும் அன்பர்களுக்கும் இதே பரிசோதனையை முன்கூட்டிச் செய்ய வேண்டும். இழை தொடுவது தெரியாத பாதத்தோடு மத்தியானத் தார்ச்சாலையில் வெறுங்காலோடு நடந்தால் கொப்புளம் வந்ததே தெரியாது. அவர்கள் மென்மையான ரப்பர் அடித்தட்டுள்ள எம்.சி.ஆர். செருப்பு அணிந்து நடக்கட்டும், இரவில் தங்கும் இடத்தில் வேறொருவர் பாதத்தைப் பார்க்கட்டும். வேண்டுதலுக்குக் குறை வராது என்று வீட்டுப் பெரியவர்களே சொன்னால் கேட்பார்கள்.

வசதி இருக்கும் வீடுகளிலும் குறை உண்டு. பிள்ளைகள் சென்னையிலும் வெளிநாட்டிலும் இருக்க, பெரிய வீட்டில் தனியாக இருக்கும் ஆச்சிகளுக்கும் அய்யாக்களுக்கும் முதல் ஆபத்து தாழ்சர்க்கரை. சாப்பாடு சுருங்கிவிடுகிறது, சஷ்டி, கார்த்திகை என்று விரதமும் சேர்கிறது, சர்க்கரையைக் குறைக்கும் கிளைமிபிரைடு மாத்திரையின் அளவு மட்டும் பழையபடியே இருக்கிறது. வயது முதிர்ந்து பிற நோய்களும் இருப்பவருக்குச் சராசரி 8 வரை இருக்கலாம், 6.5க்கு இழுக்க வேண்டியதில்லை. மாத்திரை அளவை டாக்டரிடம் கேட்டுத்தான் குறைக்க வேண்டும். விரல்நுனிச் சோதனையில் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் கொண்டுவரும் இன்சுலின் குப்பி பெரும்பாலும் யூ-100, அதாவது ஒரு மில்லியில் 100 யூனிட். இங்கே குப்பிக்குப் பழக்கம் யூ-40. சிவப்பு மூடி ஊசி யூ-40க்கும் ஆரஞ்சு மூடி ஊசி யூ-100க்கும் உரியவை. யூ-100 மருந்தைச் சிவப்பு மூடி ஊசியில் 16 என்ற கோடு வரை இழுத்தால் உடம்புக்குள் போவது 40 யூனிட். பேனா இன்சுலினிலிருந்து ஊசியால் உறிஞ்சினாலும் இதே ஆபத்துதான். ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் ஈர மணல் நிரப்பிய இரட்டைப் பானை உதவும். ஃப்ரீசரில் உறைந்த மருந்தைக் கொட்டிவிட வேண்டும்.

கர்ப்பகாலச் சர்க்கரையில் விடுபடுவது பிரசவத்துக்குப் பின்னால்தான். 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை 140ஐ எட்டுகிறதா என்று பார்ப்பது நம் மாநிலத்தில் வழக்கமாகிவிட்டது. பிரசவத்துக்குத் தாய்வீடு, ஆறாவது வாரத்தில் மறுபரிசோதனை வரும்போது புகுந்தவீடு. இரண்டு ஊர் செவிலியருக்கும் இடையில் பெயர் விட்டுப்போகிறது. இனி தாய், புகுந்த வீட்டு முகவரி இரண்டையும் அட்டையில் எழுதச் செய்கிறோம்.

உணவு ஆலோசனையில் ஓட்ஸும் விலையுயர்ந்த சிறுதானியமும் சொல்வதை நிறுத்தினோம். ரேஷன் அரிசிதான் அடுப்பில் ஏறும் வீட்டில், சோற்றைப் பாதியாக்கி முருங்கைக்கீரை, பயறு, முட்டை கூட்டுவதே நடக்கும் காரியம். கவுனி அரிசி சர்க்கரைக்கு நல்லது என்ற நம்பிக்கையில் விருந்தில் கவுனி அரிசி இனிப்பை இரண்டு கரண்டி வாங்குகிறார்கள். அதில் போட்ட சீனியையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

வரும் ஆண்டுக்கு மாலை முகாம்களைத் தொடரவும், ஞாயிறு கண் பரிசோதனைக்கு வண்டி வாடகை ஒதுக்கவும், பாத இழைகளைக் கூடுதலாக வாங்கவும் பேரவையின் ஒப்புதலைக் கோருகிறேன்.

செயலாளர்