சிறுபாலத்துக்குள் ஒரு கூடு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வால்பாறைப் பயணம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். விடியுமுன் இருட்டில் யாரோ சீட்டியடித்துக்கொண்டு போனதாக அதில் ஒரு வரி வருகிறது. அது மனிதர் இல்லை, சீகாரப் பூங்குருவி.

40 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள அந்த மலைப்பாதையில் 18 வருடமாகப் பேருந்து ஓட்டுகிறேன். ஓடையோரம் வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைத்தால், தண்ணீர் இரைச்சலையும் மீறி அந்தச் சீழ்க்கை கேட்கும். ஒரு மெட்டுக்குள் அடங்காது. ஏறும், இறங்கும், பாதியில் நிற்கும், வேறெங்கோ தொடங்கும். வெள்ளைக்காரர்கள் இதற்குச் 'சோம்பேறிப் பள்ளிக்கூடப் பையன்' என்று பேர் வைத்தார்கள். எனக்கு அந்தப் பேர் பிடிக்கவே இல்லை. கொட்டுகிற மழையில் பாறைக்குப் பாறை தாவி, நண்டைக் கவ்வி வந்து கல்லில் அடித்து உடைத்துத் தின்கிற பறவையைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். மைனாவை விடக் கொஞ்சம் பெரிது. நிழலில் வெறும் கறுப்பு. வெயில் பட்டால் நெற்றியிலும் தோளிலும் நீலம் பளிச்சென்று மின்னும்.

எழுத உட்கார்ந்ததே வேறு ஒன்றுக்காக. அருவிக்குப் பின்னாலுள்ள பாறை இடுக்கில் கூடு கட்டும் இந்தக் குருவி, சாலைக்கு அடியில் ஓடை போகும் சிறுபாலங்களிலும் கட்டுகிறது. பழைய கல் கட்டுமானத்தில் ஒரு கல் பெயர்ந்த பொந்து போதும். வேர், பாசி, சேறு வைத்துக் கிண்ணம் போலக் கட்டி இரண்டு மூன்று முட்டையிடும். பதினாறு பதினேழு நாள் அடைகாக்க வேண்டும். மழை தொடங்கும் மாதங்கள்தான் இதற்குக் காலம்.

போன ஜூலையில் ஒரு சிறுபாலத்தில் அடைப்பு எடுத்தார்கள். மண்வெட்டியால் இழுத்த சேற்றோடு கூடும் வந்து சாலையோரம் விழுந்தது. புள்ளி போட்ட முட்டை ஒன்று உடைந்து கிடந்ததை நானே பார்த்தேன். ஜோடிப் பறவைகள் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து, வாலை விசிறி போல விரித்து விரித்து மூடிக் கத்திக்கொண்டே இருந்தன. வேலை செய்தவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். உள்ளே பார்த்துவிட்டு வெட்டுங்கள் என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை.

இந்தக் குருவி இந்தியத் தீபகற்பத்தில் மட்டுமே வாழ்வது. இலங்கை மலைநாட்டு ஓடைகளில் இதற்கு ஓர் உறவுக்காரப் பறவை உண்டு. அங்கே காடு குறைந்து, அது இன்று அழிவை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. நம்முடையதை அந்த நிலைக்கு விடக் கூடாது. அடைப்பெடுக்கும் வேலையைக் கூடு கட்டும் காலத்துக்கு முன்பே, ஜனவரிக்குள் முடிக்கலாம். மழையில் அடைத்துக்கொண்டு எடுத்தே ஆக வேண்டுமென்றால், முதலில் டார்ச் அடித்து ஒவ்வொரு பொந்தையும் பார்க்கட்டும். கூடு இருக்கும் கல்லை மட்டும் விட்டுவிட்டு அடியில் உள்ள சேற்றை அள்ள ஐந்து நிமிடம் கூடுதலாக ஆகும்.

நேற்றுக் காலை அதே சிறுபாலத்துக்குள் ஒரு குருவி அலகில் வேரோடு நுழைந்ததைப் பார்த்தேன்.

இப்படிக்கு,
பேருந்து ஓட்டுநர் ஒருவர்,
வால்பாறை.